ஆயிரத்து இருபத்துநான்கு கைகள்

குடாநாட்டு மின்தளப் பேணுகைச் சபையின் இயந்திரம் மிக நல்ல இயந்திரம். யாரும் பாவிக்காத வரையில் அதில் ஒரு குறையும் கிடையாது. கோழி கூவுமுன் பார்த்தால் அதில் குடியிருக்கும் ஐந்நூற்றைந்து இணையத்தளங்களும் கண்ணாடி போலத் தெரியும். சனம் எழும்பி, தேத்தண்ணி குடித்து, தொலைபேசியைக் கையில் எடுத்ததும் இயந்திரம் விழுந்துவிடும். விழும்போது ஐந்நூற்றைந்தும் சேர்ந்தே விழும். ஆண்டறிக்கையில் சபை இதை "ஒற்றுமை" என்ற தலைப்பின் கீழ் குறிப்பிட்டிருந்தது.

இயந்திரம் லண்டனில் இருக்கும் ஒரு பெரியவரின் அன்பளிப்பு. அவருடைய பெயர் பொறித்த பித்தளைத் தகடு இயந்திரத்தைவிட ஒரு சாண் பெரிது. தகடு வந்த கையோடு சபை ஒரு சுற்றறிக்கை விட்டது: குடாநாட்டில் பதிவுபெற்ற அமைப்புகள் யாவும் தங்கள் இணையத்தளத்தை இந்த இயந்திரத்திலேயே வைக்கவேண்டும். கோயில்கள் வந்தன, கத்தோலிக்கப் பங்குகள் வந்தன, சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் வந்தன. ஒரே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டன், பரிஸ், மெல்பேண், ரொறன்ரோ என்று நாலு தளங்கள். ரொறன்ரோவில் பிரிந்துபோனவர்களுக்கு ஐந்தாவது. வலிகாமத்தில் ஒரு கோயிலுக்கு இரண்டு தளங்கள்: கிழக்கு வீதிப் பரிபாலன சபைக்கு ஒன்று, மேற்கு வீதிப் பரிபாலன சபைக்கு ஒன்று. அந்த இரு சபையாரும் ஒன்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. அவர்களுடைய வழக்கறிஞர்கள் மட்டும் கதைப்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் குருநகரில் ஒரு சிறிய கடற்றொழிலாளர் சங்கத்தின் தளமும் இருந்தது. அதன் செயலாளர் சிமியோன். வேறு யாரும் கேட்காத காரணத்தால் அந்தப் பதவி பதினொரு வருடமாக அவரிடமே கிடந்தது. சங்கத்தில் நாற்பத்துமூன்று படகுகள். கடலில் இறங்குவதற்கான அனுமதியை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். முன்னர் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் காரியம் முடிந்தது. இந்த வருடம் அனுமதி கொடுக்கும் கந்தோர் நவீனமாகிவிட்டது. கடதாசி எடுக்கமாட்டார்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் சங்கத்தின் இணையத்தளம் வழியாகவே வரவேண்டும். அதுவும் காலை எட்டரை தொடக்கம் பின்னேரம் நாலு மணி வரைதான், ஏனென்றால் அந்தக் கந்தோரின் கணினிக்கும் வேலை நேரம் உண்டு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தவறினால் படகு ஒரு வருடம் கரையில். அதன் கருத்தைக் குருநகரில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு சிமியோனும் மனைவி ஸ்ரெல்லாவும் சங்கக் கட்டிடத்தில் மடிக்கணினிக்கு முன்னால் குந்தினார்கள். முதலாவது படகின் பெயரை எழுதும் இடத்தில் தளம் போய்விட்டது. ஒன்பது மணிக்கு வந்தது. என்ஜின் இலக்கத்தில் போனது. பத்தரைக்கு வந்தது. உரிமையாளரின் தகப்பன் பெயரில் போனது. நாலு மணி வரை பதினேழு தரம் முயன்றதில் ஒரு படகின் முன்பாதி மட்டும் ஏறியிருந்தது.

"முன்பாதிக்கு அனுமதி தருவினமோ எண்டு கேட்டுப் பாருங்கோவன்," என்றாள் ஸ்ரெல்லா.

செவ்வாய்க்கிழமை சிமியோன் நகரிலுள்ள சபைக் கந்தோருக்குப் போனார். நடுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்புப் பட்டில் ஒரு கத்தரிக்கோல். பணிப்பாளர் கலாநிதி சீவரத்தினம் ஐந்நூற்றைந்து தளங்களுக்கும் நாடா வெட்டித் திறந்துவைத்தது அந்தக் கத்தரிக்கோலால்தான். வெட்டும்போது எடுத்த படங்கள் சுவர் நிறைய இருந்தன. எல்லாப் படத்திலும் அவர் ஒருவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேர், எங்கடை தளம் ஒரு நாளிலை பதினேழு தரம் விழுந்து எழும்பினது," என்றார் சிமியோன்.

"விழுதல் என்ற சொல்லை இங்கே தவிர்த்துக்கொள்ளுங்கள்," என்றார் கலாநிதி. "எமது இயந்திரம் இளைப்பாறுகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் நாம் இரண்டு பதிவேடுகள் பேணுகிறோம் என்பதை அறிவீர்கள் அல்லவா? வந்தவர்களை எழுதுவது வருகைப் பதிவேடு. நடந்த பிழைகளை எழுதுவது பிழைப் பதிவேடு. இதோ உங்களுடைய பிழைப் பதிவேடு. திங்கட்கிழமையைப் பாருங்கள். ஒரு வரியாவது இருக்கிறதா? பிழை நடந்திருந்தால் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படவில்லை. ஆகவே நடக்கவில்லை."

"எழுதிற மெசினெல்லோ சேர் விழுந்தது. பேந்து ஆர் எழுதுறது?"

கலாநிதி இதை ஒரு கருத்தாக ஏற்று, குறிப்புப் புத்தகத்தில் எழுதி, புத்தகத்தை மேசை லாச்சிக்குள் வைத்து, லாச்சியைப் பூட்டினார். மறுநாள் இயந்திரத்தின் இளைப்பாறுகை பற்றி எல்லாத் தளத்தாரையும் கூட்டி விசாரணைக் கூட்டம் ஒன்று நடக்கவிருப்பதாகவும் அதற்கு வரலாம் என்றும் சொன்னார்.

தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில், யாரும் வேலை செய்ய விரும்பாத ஒரு மேசையில், உதயகலா என்ற பெண்மணி இருந்தார். சபையின் ஒரே தொழினுட்ப உத்தியோகத்தர். இருபத்திரண்டு வருட சேவை. சிமியோன் படியிறங்கும்போது அவரும் பின்னால் வந்தார்.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. மெசின் ஏன் விழுகுதெண்டு நான் சொல்லுறன். அதுக்கு ஆயிரத்து இருபத்துநாலு கை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு கொப்பியை, அதுதான் பதிவேட்டை, விரிச்சு வைச்சிருக்க ஒரு கை வேணும். தளத்துக்கு இரண்டு கொப்பி. ஐந்நூற்றைந்து தளம். கணக்கைப் பாருங்கோ."

"ஆயிரத்துப் பத்து."

"மிச்சம் பதினாலு கை. அந்தப் பதினாலாலைதான் கதவு திறக்கிறது, வாறவையைக் கூட்டிக்கொண்டு போறது, கேட்டதைக் காட்டுறது, எல்லாம். ஒருத்தரும் வராட்டில் சோக்காய் நிக்கும். பதினைஞ்சாவது ஆள் வந்தால் துலைஞ்சுது."

"வலை இழுக்கிறவன்ரை இரண்டு கையிலையும் குடையைக் குடுத்த மாதிரி," என்றார் சிமியோன். "கையைக் கூட்டேலாதோ தங்கச்சி?"

"ஒரு வரியிலை ஒரு எண்ணை மாத்தினால் காணும். ஆனால் லண்டன் ஐயாவோடை ஒப்பந்தம் இருக்கு, தந்தபடியே வைச்சிருக்க வேணுமெண்டு. போன வருஷம் தூசு துடைச்சதுக்கே விளக்கம் கேட்டு எழுதினவர்."

"வேறை வழி?"

"எல்லாத் தளத்துக்கும் பொதுவாய் ஒரு கொப்பி. வந்தவையை வந்த வரிசையிலை எழுதி, ஆரிட்டை வந்தவை எண்டு பக்கத்திலை ஒரு சொல்லுப் போட்டால் சரி. மாசக் கடைசியிலை நான் பிரிச்சுக் குடுப்பன். உலகம் முழுக்க உப்பிடித்தான் செய்யினம்."

"பேந்தென்ன?"

"இது உலகமில்லை அண்ணை. யாழ்ப்பாணம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வருகைப் பதிவேடு இங்கே வெறும் பதிவேடு அல்ல. மாத முடிவில் சபை அதை அச்சிட்டு, பச்சை மட்டை கட்டி, ஒவ்வொரு அமைப்பின் தலைவரையும் மேடைக்கு அழைத்துக் கையளிக்கும். தலைவர்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு அது சங்கத்து நடு மேசையில் கிடக்கும். போகிற வருகிறவர்கள் தடிப்பைப் பார்த்து மரியாதையை அளந்துகொள்வார்கள். உள்ளே இருப்பதில் பாதி அந்தந்தத் தலைவர் தன் தளத்தைத் தானே திறந்து பார்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அப்படியே செய்வதால் யாரும் சொல்வதில்லை.

புதன்கிழமை விசாரணைக் கூட்டம். ஐந்து திரி விளக்கை ஐந்து பேர் ஏற்றினார்கள். ஐந்தாமவருக்கு நெருப்புப் பெட்டியில் குச்சி முடிந்ததால் முப்பது நிமிடத் தாமதம். வரவேற்புரை நடந்தது. வரவேற்றவரை வரவேற்று ஒருவர் பேசினார். பிறகு கலாநிதி எழுந்தார்.

"பேரன்புமிக்க பெரியோர்களே, ஐந்நூற்றைந்து தளங்கள், ஒரே இல்லம். இங்கே வேற்றுமை உண்டா? இல்லை. உயர்வு தாழ்வு உண்டா? இல்லை. எல்லோரும் ஒரே இயந்திரத்தின் பிள்ளைகள். இயந்திரம் இளைப்பாறுவதைச் சிலர் குறையாகக் கூறுகிறார்கள். வருகை தருவோரின் தொகை அளவுக்கு மீறிப் போனதே காரணம். அதாவது, எமது வெற்றியே எம்மை விழுத்துகிறது. நாம் இன்னும் கொஞ்சம் தோல்வியடைந்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திராது. அதற்கான முயற்சிகளில் சபை முழுமூச்சாக இறங்கியுள்ளது."

கைதட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் பதினாலாவதாக "வேறு விடயங்கள்" என்று இருந்தது. அதில் உதயகலாவுக்கு இரண்டு நிமிடம். கைகளையும் கொப்பிகளையும் பற்றிச் சிமியோனுக்குச் சொன்னதையே சொன்னார். பொதுக் கொப்பி என்ற சொல் வந்ததும் சபையில் வடை கடிக்கும் சத்தம் நின்றது.

கிழக்கு வீதித் தலைவர் எழுந்தார். இளைப்பாறிய தபாலதிபர், எதையும் முத்திரை குத்துவது போலப் பேசுபவர். "எங்கடை கோயில் தளத்துக்கு வாற சனத்தை, ஊரிலை கண்ட நிண்ட சனத்தோடை ஒரே கொப்பியிலை எழுதுறதோ?"

"அவர் சொல்லுறதிலை நியாயம் இருக்கு," என்றார் மேற்கு வீதித் தலைவர்.

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒரு கருத்தில் நின்றதைக் கண்டு இருவருமே திகைத்துப் போனார்கள்.

"ஐயா, அது கணினிக்குள்ளை இருக்கிற ஒரு ஃபைல்," என்றார் உதயகலா. "ஆரும் ஆரோடையும் முட்டுப்படமாட்டினம்."

"வரிக்குக் கீழை வரி வருமெல்லோ பிள்ளை? எங்கடை ஆக்கள் ஆற்றை வரிக்குக் கீழை வருவினம்?"

"அது வந்த நேரத்தைப் பொறுத்தது, ஐயா."

"உதைத்தான் நானும் சொல்லுறன்."

காணொளி வழியாகத் திரையில் தெரிந்த பழைய மாணவர் சங்கத்து ரொறன்ரோக்காரர் பரிஸ்காரரோடு ஒரே பக்கத்தில் வரத் தமக்கு ஏலாது என்றார். பரிஸ்காரர் அதை வழிமொழிந்தார். உயர்வு தாழ்வு இல்லை என்று பேசிய கலாநிதி, பாரம்பரிய உணர்வுகளை மதிக்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

சிமியோன் பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்தார். "எங்கடை ஆக்களை ஆற்றை வரிக்குக் கீழை எழுதினாலும் எங்களுக்குப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் மெசின் நிண்டால் காணும். நாப்பத்துமூண்டு வள்ளம் அதிலை கிடக்கு."

கிழக்கு வீதித் தலைவர் திரும்பிப் பார்த்தார். மிகவும் அன்பாகச் சொன்னார்: "உங்களுக்குப் பரவாயில்லைத்தான் தம்பி. அது எங்களுக்குத் தெரியும்."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் இருப்பதற்காக வடையை எடுத்தார்கள். சிமியோன் தலை குனியவில்லை.

இறுதியில் ஏழு பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. இயந்திரத்தின் சுமை பற்றி ஆராய்வது அதன் கடமை. தன் பணிகளை மக்களுக்கு அறிவிக்கக் குழுவுக்கு ஒரு இணையத்தளம் தேவை என்று குழு தனது முதலாவது தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிச் சுபவேளையில், இயந்திரத்தின் சுமையைக் குறைப்பதற்கான ஐந்நூற்றாறாவது தளம் அதே இயந்திரத்தில் திறந்துவைக்கப்பட்டது. கத்தரிக்கோல் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நாடா வெட்டப்பட்டது. விருந்தினர் முப்பது பேரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். இயந்திரம் விழுந்தது.

"பேராதரவைத் தாங்கமுடியாமல் இயந்திரம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது," என்றார் கலாநிதி.

அன்று மதியமே சுற்றறிக்கை வந்தது. ஆய்வு முடியும் வரை பொதுமக்கள் இணையத்தளங்களுக்கு வருகை தருவதைத் தவிர்க்கவேண்டும். தவிர்க்கமுடியாதோர் மூன்று நாட்களுக்கு முன்னரே எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். சிமியோனுக்கு இருந்தது ஒரு நாள்.

அவர் சபை வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று சுற்றறிக்கையை மூன்றாம் தரமும் வாசித்தார். உதயகலா வெளியே வந்தார். கையில் இன்னொரு சுற்றறிக்கை, பழையது.

"அண்ணை, இதிலை ஆறாம் பந்தியைப் பாருங்கோ. 'பதிவேடு கோரும் அமைப்புகளுக்குப் பதிவேடு பேணப்படும்.' கோராத அமைப்புக்கு ஏன் பேணவேணும்? வேண்டாமெண்டு ஒரு கடிதம் தந்தால் நான் கொப்பியை மூடலாம். அதுக்கு ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

"நான் இப்பவே தாறன்."

"நீங்கள் ஒராள் தந்தால் இரண்டு கைதான் மிஞ்சும். இருபது, இருபத்தைஞ்சு பேரெண்டாலும் வேணும். கோயில் வீதியாக்கள் தரமாட்டினம்."

"கரையாக்கள் தருவினம்," என்றார் சிமியோன்.

அன்று பின்னேரம் அவர் குருநகரிலிருந்து பாசையூர் வரைக்கும், பிறகு திரும்பி நாவாந்துறை வரைக்கும் போனார். வலை பின்னும் பெண்களின் சங்கம் கேட்ட உடனேயே கையெழுத்துப் போட்டது. தங்களுக்கு ஒரு தளம் இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். பாடகர் குழு தந்தது. மரியாயின் சேனை தந்தது. உதைபந்தாட்டக் கழகத் தலைவர் எமில்ராஜ் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"போன மாசம் எங்களுக்கு நாலாயிரம் பேர் வந்தவை, சிமியோன் அண்ணை. கொப்பியையும் மூடிப்போட்டு வாற போற ஆக்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

"அதிலை மூவாயிரம் நீதானேடா."

"அதுக்காக?"

"சரி, காட்டுறதுக்கு ஏதும் வேணுமெண்டால் நாளைக்குப் பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வா. நாப்பத்துமூண்டு வள்ளம் வரிசையாய்க் கட்டிக் கிடக்கும். உன்ரை கழகத்திலை கோல் காக்கிறவன்ரை தேப்பன்ரை வள்ளமும் அதிலைதான் நிக்கும்."

எமில்ராஜ் பேனையை வாங்கினார்.

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு இருபத்திரண்டு கடிதங்கள் உதயகலாவின் மேசையில் இருந்தன. நாற்பத்துநாலு கை. ஏற்கெனவே இருந்த பன்னிரண்டோடு ஐம்பத்தாறு. கொப்பிகளை மூடுவதற்காக இயந்திரத்தை நிறுத்தினார். பத்து முப்பத்தொன்றுக்கு மறுபடி தொடக்கப் போனபோது கலாநிதி அறைக்குள் வந்தார்.

"என்ன செய்கிறீர்கள்? ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தியது சரி. தொடக்கக்கூடாது."

"பன்னிரண்டு மணி வரைக்கும் விட்டால் சேர், அவையின்ரை விண்ணப்பம்..."

"ராகு காலத்தில் தொடக்கிய காரியம் விழும் என்பது தெரியாதா?"

அந்த இயந்திரம் சுபவேளையில் தொடக்கிய ஒவ்வொரு தரமும் விழுந்தது என்பதை அங்கிருந்த யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பன்னிரண்டு அடித்தது. உதயகலா பொத்தானை அழுத்திவிட்டு சிமியோனுக்குத் தொலைபேசி எடுத்தார். "தொடங்குங்கோ அண்ணை. நிக்கும்."

சங்கக் கட்டிடத்துக்கு வெளியே படகுக்காரர்கள் படிவங்களோடு நின்றார்கள். ஸ்ரெல்லா சிமியோனின் இரண்டு விரல் எழுத்தை ஒரு படகு வரைக்கும் பொறுத்தாள். பிறகு, "அங்காலை இருங்கோ, நீங்கள் வாசியுங்கோ," என்று கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். படகின் பெயர், என்ஜின் இலக்கம், தகப்பன் பெயர். ஒரு படகுக்கு ஐந்து நிமிடம். இரண்டு மணிக்கு இருபத்துமூன்று. மூன்று மணிக்கு முப்பத்தைந்து. மூன்று இருபதுக்குத் திரை ஒரு கணம் வெள்ளையாகி நின்றது. சிமியோன் சிலுவை போட்டார். ஸ்ரெல்லா மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். திரை திரும்பி வந்தது. அது செபத்துக்கு வந்ததா தட்டுக்கு வந்ததா என்று அவர்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

நாற்பத்துமூன்றாவது சிமியோனின் படகு. செயலாளர் என்பதால் கடைசியாகப் போட்டிருந்தார். மூன்று நாற்பத்துநாலுக்கு அதற்கும் பதிவு இலக்கம் வந்தது. அடுத்த புதன்கிழமை நாற்பத்துமூன்று அனுமதிகளும் கைக்கு வந்தன.

சபையின் பத்திரிகை அறிக்கை வந்தது அதற்கு முன்னரே. ஆய்வுக் குழுவின் அயராத முயற்சியால் இயந்திரம் புதுப்பொலிவு பெற்றுவிட்டதாக அதில் இருந்தது. தளம் வேண்டும் என்று தீர்மானித்த பிறகு குழு ஒரு தரமும் கூடியிருக்கவில்லை என்பது அறிக்கையின் அழகைக் கெடுக்கவில்லை. கிழக்கு வீதியும் மேற்கு வீதியும் தத்தம் தளங்கள் விழாமல் நிற்பதற்குத் தத்தம் நேர்த்திக்கடனே காரணம் என்று தனித்தனியாக அறிவித்தன.

அதற்கு அடுத்த மாத முடிவில் பச்சை மட்டை கையளிக்கும் வைபவம். கரையோரத்து இருபத்திரண்டு அமைப்புகளுக்கும் மட்டை இருந்தது, உள்ளே தாள் இல்லை. கலாநிதி அதையும் முறைப்படி இரண்டு கையாலும் கொடுத்து, படமெடுக்கும் வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை சிமியோனுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. மாதம் முழுவதும் தங்கள் தளத்துக்கு ஒருவர்கூட வருகை தரவில்லை என்பது பதிவேட்டின் மூலம் உறுதியாகிறது. வருகையற்ற தளங்களை அகற்றிப் புதிய அமைப்புகளுக்கு இடமளிக்கச் சபை உத்தேசித்துள்ளது. தங்கள் தளம் ஏன் அகற்றப்படக்கூடாது என்பதற்குச் செயலாளர் ஏழு நாட்களுக்குள் நேரில் சமுகமளித்து விளக்கம் கூறவேண்டும்.

சிமியோன் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தார். ஸ்ரெல்லா எட்டிப் பார்த்தாள்.

"போகப் போறியளோ?"

"எங்கை?"

"விளக்கம் சொல்ல."

அவர் யன்னலால் பார்த்தார். காற்று நல்ல பக்கம் திரும்பியிருந்தது. ஸ்ரெல்லாவிடம் கடதாசி வாங்கி, சபை பாவிக்கும் அதே எழுத்துத் தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல் பதில் எழுதி, தபாலில் போடச் சொல்லிவிட்டு, கடலுக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. எமது சங்கத்தின் நாற்பத்துமூன்று படகுகளும் தற்போது உரிய அனுமதியுடன் கடலில் நிற்கின்றன. ஆதலால் செயலாளர் உட்பட, விளக்கம் கூறக்கூடிய எவரும் கரையில் இல்லை என்பதை மிகத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்."